பாதையடியில் வாய் தவறிய சொல்

என் ராத்தாவுக்கு,

இந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். எழும்பிப் போய் ஒரு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மிச்சத்தை எழுதுகிறேன். அந்தச் சொல்லை நான் வாயால் சொல்லி முப்பது வருடத்துக்கு மேலாயிற்று. நான் அதை விட்டதை நீங்கள் கவனித்திருந்தீர்கள் என்பது எனக்குப் போன வெள்ளிக்கிழமைதான் தெரியும். தெரிந்த நேரத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ராத்தா என்றால் அக்கா. ஏறாவூரில் முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானோ பனிச்சங்கேணித் தமிழ்ப் பெட்டை, இந்து வீட்டுப் பெண். எனக்கு எப்படி ஒரு ராத்தா வந்து வாய்த்தா என்பதையும் சொல்லத்தான் போகிறேன். ராத்தா, நீங்கள் தெரிந்த கதைதானே என்று பாதியில் எழும்பிப் போய்விடாதீர்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இறந்துபோன மௌத்துச் செய்தி வந்தபோது அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியே இறக்கி வைத்துவிட்டு வந்த பஸ்ஸில் ஏறினேன். நான் ஏறாவூருக்கு வந்து சேர்ந்தபோது பின்னேர அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். உங்களை அடக்கிவிட்டார்கள். அன்றைக்கே அடக்குகிற உங்கள் வழக்கம் தெரியாதவளா நான்? தெரியும். ஆனாலும் எனக்கு முகம் காட்டாமல் போக உங்களுக்கு அப்படி என்ன அவசரம் என்று அந்த வாசலில் நின்று மனதுக்குள் ஏசினேன்.

அதற்குப் பிறகு நீங்கள் மத்தியானத்தில் வருகிறீர்கள். நூலக வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பகல் தூக்கம் பழகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வாவிப் பக்கத்து யன்னலடியில் பாயைப் போட்டுச் சரிவேன். வெளியே தண்ணீரும் வெளிச்சமும் ஒன்றாகிக் கரை எது என்று தெரியாமல் கிடக்கும். கண் சொருகும்போது அதே தண்ணீரில் பழைய பாதை மிதந்து வரும். இப்போது இங்கே பெரிய பாலம் இருக்கிறது, வாகனங்கள் சீறிக்கொண்டு போகின்றன. கனவுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை போல.

பாதை என்றால் எங்கள் பக்கத்தில் தெரு அல்ல. ஆளையும் சைக்கிளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்குத்தான் அந்தப் பெயர். கனவில் அதன் நடுவில் நீங்கள் சப்பணம் கட்டி உட்கார்ந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கோதைத் தண்ணீரில் போடுகிறீர்கள், கோதும் உங்களோடு கூடவே மிதந்து வருகிறது. பாதை ஒரு கரைக்கும் போகிறதாகத் தெரியவில்லை. "என்ன புள்ள, தேங்காய் என்ன விலை விக்கிது?" என்று கேட்கிறீர்கள். நான் வேறு ஒன்று சொல்ல வாயெடுக்கிறேன், வாய் வருகிறதில்லை.

செத்தவர்களுக்கு எதற்குத் தேங்காய் விலை, ராத்தா?

சரி, செய்திக்கு வருகிறேன். உங்கள் மகள் ஷிபானா போன மாதம் எனக்குப் போன் எடுத்தாள். காணாமற்போனவர்களைப் பற்றி எழுதிக்கொண்டு போக ஒரு குழு வருகிறதாம். இந்த வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் உட்காருவார்களாம். அவளுடைய வாப்பாவை, அதுதான் உங்கள் புருசனை, அன்றைக்குக் கொண்டுபோனதைக் கண்ணால் கண்ட சாட்சி வேண்டுமாம். நீங்கள் போகத் தயாராக இருந்தீர்களாம். "இப்ப நீங்க ஒராள்தான் மிச்சம், அன்ரி" என்றாள். அவள் பிறக்கும் முன்பே போய்விட்ட மனிதரைப் பற்றி அவளுக்குச் சொல்ல இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம்.

ஓம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். பின்னேரமே அண்ணன் வந்துவிட்டார். எங்கள் ஊரில் ஒரு போன் பேச்சு எத்தனை வேலி தாண்டும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. அண்ணன் இப்போது கோயில் வண்ணக்கர், நிர்வாகமெல்லாம் அவர் கையில். கதிரையில் உட்காராமலே கேட்டார்.

"சரோ, உனக்கென்ன விசரா? பழசைக் கிண்டி என்னத்தக் காணப்போறாய்?"

"கிண்டேல்ல அண்ணன். கேட்டாங்க, கண்டதச் சொல்லப் போறன்."

"கண்டதச் சொல்லுறதெண்டா ஆர் செய்ததெண்டும் சொல்லோணும். நம்மட ஆக்கள நாமளே காட்டிக் குடுக்கிறதா? என்ட மகனக் கொண்டு போனவங்களப் பத்தி எழுத ஆரு வந்தாங்க? அவங்கட ஆக்கள் நமக்குச் செய்தத ஆரு எழுதினாங்க?"

அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. அவருடைய மூத்தவனை, பதினேழு வயதுப் பிள்ளையை, வேறு சீருடை போட்ட ஆட்கள் வேறு ஒரு சந்தியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். அவனும் வரவில்லை. அவனுடைய சேட்டு இன்றைக்கும் அண்ணியின் அலுமாரியில் மடித்தபடி இருக்கிறது. "நீ போனியெண்டா ஊருல ஒருத்தரும் உனக்கு முகம் தந்து கதைக்கமாட்டாங்க. கோயில் பக்கமும் வராத" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனார்.

நான் பயந்துவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அண்ணனுக்கு மட்டும் பயந்தேன் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. அந்தக் குழுவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தால் நான் சொல்லவேண்டிய இன்னொன்று இருந்தது. அதை உங்களுக்கே நான் சொன்னதில்லை.

நீங்கள் முதன்முதல் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொல்கிறேன். உங்கள் புருசன் காசிம் மச்சான் சைக்கிளில் கைலிச் சாரன் கட்டு வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்து ஊரெல்லாம் விற்கிறவர். கல்யாணம் முடிந்த புதிதில் உங்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். வெயில் தாங்காமல் எங்கள் கிணற்றடியில் தண்ணீர் கேட்டு நின்றீர்கள். அம்மா செம்பை நீட்டிக்கொண்டே, இந்த வாவிக் கரையில் யாரைக் கண்டாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டா.

"நீ என்ன குடி புள்ள?"

நீங்கள் வெட்கப்பட்டு உங்கள் குடிப் பெயரைச் சொன்னீர்கள். அம்மா செம்பைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு உங்கள் கையைப் பிடித்தா. "அட கடவுளே, இது நம்மட குடிதானே கா!" என்று கத்தினா. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அதையும் யாராவது இரண்டாகப் பிரித்து, இது எங்களுடையது அது உங்களுடையது என்று சண்டைக்கு வருவார்கள்.

குடி எங்களுக்குத் தாய் வழியாக வருவது. ஒரே குடி என்றால் சகோதரம், அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. இங்கே தமிழருக்கும் குடி உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று படித்தவர்கள் வாதாடட்டும். அம்மாவுக்கு வாதமே இல்லை. "கும்பிடுற இடம் வேறயா இரிக்கட்டும், வயிறு ஒண்டு" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டா. அன்றைக்கே நீங்கள் எனக்கு ராத்தா, காசிம் மச்சானுக்கு அம்மா மாமி, நான் மச்சாள். அவர் சாரன் விற்கப் போகிற நாட்களில் நீங்கள் எங்கள் வீட்டில் தங்கி என் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவீர்கள்.

அந்த நாட்கள் இப்போது எனக்குத் தண்ணீருக்கு அடியில் தெரிகிற மாதிரித்தான் தெரிகின்றன. அசைகிறது, பிடிக்க முடிகிறதில்லை. உங்கள் கை விரல் என் தலைமயிருக்குள் போவது மட்டும் தெளிவாக இருக்கிறது.

பிறகு அந்த வருடம் வந்தது. எது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊருக்கு ஊர் பயப்படத் தொடங்கிய வருடம். உங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களை வெட்டினார்கள் என்று காலையில் ஒரு கதை வரும். எங்கள் ஆட்கள் உங்கள் ஆட்களைச் சுட்டார்கள் என்று பின்னேரம் ஒரு கதை வரும். இரண்டும் உண்மையாக இருந்ததுதான் கொடுமை. நேற்றுவரை நீங்கள் சுபைதா, அவர் காசிம், நான் சரோ என்று இருந்தவர்கள் ஒரே கிழமைக்குள் அவங்க, நாங்க என்று ஆகிப்போனோம்.

நீங்கள் இரண்டு பேரும் அப்போது எங்கள் வீட்டில் அகப்பட்டுப்போனீர்கள். உங்களுக்கு ஐந்தாம் மாதம். ஏறாவூருக்குப் போக வேண்டுமென்றால் பாதையேறி வாவியைக் கடக்கவேண்டும். பாதையடியில், அந்த மிதவைத் துறையில், துவக்கோடு இயக்கப் பொடியன்கள் நின்றார்கள். எங்கட பொடியன்கள் என்று ஊரே சொல்லிக்கொண்ட பொடியன்கள்தான்.

மூன்று நாள் எங்கள் குசினியில், அடுப்படியில், பாடம் நடந்தது, நினைவிருக்கிறதா? தமிழ் மட்டுமே தெரிந்த இரண்டு பேருக்கு நாங்கள் தமிழ் படிப்பித்தோம். ஒரே பாசைக்குள் எத்தனை பொறி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஆணம் என்று சொல்லப்படாது, கறி என்று சொல்லோணும். வாப்பா இல்லை, அப்பா. உம்மா இல்லை, அம்மா. அம்மா ஒவ்வொன்றாகக் கேட்க நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளை போலச் சொன்னீர்கள்.

காசிம் மச்சானுக்குச் செல்வராசா என்று பெயர் வைத்தோம். அந்த நேரத்திலும் அவருக்குப் பகிடிதான். "ராசா எண்டு என்ன ஆரும் இதுவரைக்கும் கூப்பிட்டதில்ல மாமி. இந்தப் பேர் இரிக்கட்டும், நான் திருப்பித் தரமாட்டன்" என்றார். தாடியை வழித்து, அம்மா நெற்றியில் திருநீறு பூசினபோது மூக்கில் போய் மூன்று தரம் தும்மினார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பயத்தில் சிரிக்கிற சிரிப்பு நிற்காது, உங்களுக்கு வயிறு நோகும் மட்டும் சிரித்தீர்கள்.

உங்களுக்கு என் சேலை, சிவப்புப் பொட்டு. எல்லாம் சரி, ஆனால் கை மட்டும் கேட்கவில்லை. யாராவது ஆண் குரல் கேட்டால் உங்கள் வலது கை தானாகப் போய் முந்தானையைத் தலைக்கு இழுக்கும். அதற்காகத்தான் வழி முழுக்க அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டு வருவதாக முடிவு செய்தோம்.

எனக்கும் ஒரு பாடம் இருந்தது. ஒரே ஒரு சொல். ராத்தா இல்லை, அக்கா. மூன்று நாளும் அக்கா, அக்கா என்று நூறு தரம் கூப்பிட்டுப் பழகினேன். நீங்கள் ஒவ்வொரு தரமும் "ஓ தங்கச்சி" என்று பதில் சொன்னீர்கள்.

பாதையடிக்கு நாங்கள் போன காலையில் வாவியில் பனிப்புகை கிடந்தது. அக்கரை தெரியவில்லை. துவக்கோடு நின்றவர்கள் பெயர் கேட்டார்கள். காசிம் மச்சான் செல்வராசா என்றார். எங்கே போகிறீர்கள் என்றார்கள். வந்தாறுமூலைக்கு, சொந்தக்காரர் வீட்டுக்கு என்றார். ஒருவன் தலையாட்டி ஏறச் சொன்னான். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். பலகையில் ஏறுவதற்காக என் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். அதற்குத்தான் உங்கள் கையை விட்டேன்.

ஈரப் பலகையில் உங்கள் கால் வழுக்கியது. வயிற்றோடு நீங்கள் சரிவதைக் கண்டேன். என் தொண்டையிலிருந்து வந்தது அக்கா இல்லை.

"ராத்தா! கவனம் ராத்தா!"

உங்களை நான் பிடித்துவிட்டேன். உங்களுக்கும் வயிற்றிலிருந்த ஷிபானாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது ஏறச் சொன்னவன் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். மற்றவனிடம் ஏதோ சொன்னான். பிறகு இரண்டு பேரும் வந்து காசிம் மச்சானின் தோளில் கை வைத்தார்கள். "நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க. இவர விசாரிச்சிட்டு அனுப்புறம்."

அவர் கரையில் நின்று சொன்னது உங்களுக்கும் கேட்டது. "சரோ, அக்காவக் கவனமாக் கூட்டிப் போ." அக்கா என்றார், ராத்தா. எங்கள் எல்லோரிலும் பாடத்தைக் கடைசி வரைக்கும் தவறாமல் சொன்னவர் அவர் ஒராள்தான். பாதை நகர்ந்தது. கொஞ்சத் தூரத்தில் கரையும் இல்லை, அவரும் இல்லை, வெறும் புகைதான் இருந்தது.

அன்றைக்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. சொல்லக்கூடாது என்று நான் சத்தியம் ஒன்றும் செய்யவில்லை. அந்த ஒரு சொல்லால்தானே மச்சானைக் கொன்றேன் என்று நினைத்தேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாக நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்து, வழி திறந்து, ஏறாவூர் எனக்குப் பக்கத்து ஊராகி, மாதம் இரண்டு தரம் உங்கள் வீட்டுக்கு வந்து போன காலத்திலும், "இஞ்சருங்க" என்றுதான் உங்களைக் கூப்பிட்டேன். இல்லாவிட்டால் "ஷிபானாட உம்மா". நீங்கள் ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை.

எவ்வளவு கதைத்தோம்! காஸ் விலை, என் முழங்கால் நோ, உங்கள் சீனி வருத்தம், ஷிபானாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது, அவளுடைய மாப்பிள்ளை கட்டாரிலிருந்து அனுப்பிய சட்டி. பாதையடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. உங்களை நோகப்பண்ணக்கூடாது என்று நான் நினைத்தேன். என்னை நோகப்பண்ணக்கூடாது என்று நீங்களும் நினைக்கிறீர்கள் என்று நினைத்தேன். உண்மையில் நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதைத்தான் உங்கள் மகள் வெள்ளிக்கிழமை எனக்குச் சொன்னாள்.

நான் சாட்சிக்கு வரமாட்டேன் என்று சொல்லத்தான் அன்றைக்குப் போனேன். மறைக்க என்ன இருக்கிறது, அண்ணனுடைய சொல்லையே காரணமாகச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஷிபானா தேத்தண்ணி வைத்துத் தந்தாள். குழு தந்த படிவம் மேசையில் கிடந்தது. இனம் எழுத ஒரு பெட்டி, மதம் எழுத ஒரு பெட்டி, எல்லாவற்றையும் அவள் அழகான ரீச்சர் எழுத்தில் நிரப்பி வைத்திருந்தாள். குடிக்கு ஒரு பெட்டியும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏனோ என் கட்டு அறுந்துவிட்டது.

"மகள், உன்ட வாப்பாவக் காட்டிக் குடுத்தது நான்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு, பலகை, வாய் தவறின சொல். சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே போ என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் அந்தக் கோப்பையை என் முன்னாலிருந்து தள்ளி வைத்தாள். பிறகு, "அன்ரி, உம்மா சொன்னது வேற" என்றாள்.

"என்ன வேற?"

"கால் வழுக்கக்குள்ள உம்மாட வாயால யா அல்லாஹ் எண்டு வந்துட்டாம். சத்தமாக் கத்திட்டாவாம். அதக் கேட்டுத்தான் அவங்க வாப்பாவப் புடிச்சாங்களாம். என்ட வாயாலதான் என்ட மாப்பிள்ளைய நான் குடுத்தன் எண்டு சொல்லிச் சொல்லி அழுவா."

எனக்கு விளங்கவில்லை, ராத்தா. நீங்கள் கத்தினீர்களா? எனக்குக் கேட்கவே இல்லையே! என் சத்தம்தான் எனக்குக் கேட்டது. உங்களுக்கு உங்கள் சத்தம்தான் கேட்டிருக்கிறது. ஒரே மூச்சில் இரண்டு பேரும் கத்தியிருக்கிறோம். பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருத்தி மற்றவளைப் பிடித்துக்கொண்டு.

ஷிபானா இன்னும் முடிக்கவில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். "நீங்க ராத்தா எண்டு கூப்பிடுறத உட்டுட்டீங்கதானே. உங்களுக்கு உம்மாவோட கோவம் எண்டுதான் உம்மா நினைச்சா. சரோ ஒண்டும் கேக்கிறாளில்ல, ஆனா மனசுக்குள்ள என்ன மன்னிக்கல்ல, அதான் ராத்தா எண்டு கூப்பிடுறாளில்ல எண்டு சொல்லுவா."

ஐயோ, ராத்தா.

அந்த வீட்டில், உங்கள் கட்டில் இருந்த அறையின் வாசலில் உட்கார்ந்து நான் அழுத அழுகையைப் பக்கத்து வீட்டார் வந்து பார்த்தார்கள். நாற்பது நாள் கழித்து இந்தத் தமிழ்ப் பொம்பிளைக்கு என்ன நடந்தது என்று நினைத்திருப்பார்கள். ஷிபானா கதவைச் சாத்திவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. கணக்குப் படிப்பிக்கிற பிள்ளை, அவளுடைய மூளை வேறு மாதிரி ஓடியது.

"அன்ரி, நான் ஒண்டு கேக்கிறன். வாப்பா அந்தப் பக்கம் எத்தின வருசம் சாரன் வித்தாரு?"

"ஆறு ஏழு வருசம் இரிக்கும்."

"வீடு வீடாப் போய்?"

"ஓம், வீடு வீடா. அவரத் தெரியாத ஆள் இல்ல." சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப, திருநீறு பூசினாப்போல அவரத் தெரியாமப் போகுமா? அந்தப் பொடியன்கள்ட உம்மாமாரே அவருக்கிட்டச் சாரன் வாங்கியிருப்பாங்களே."

மூன்று நாள், ராத்தா! மூன்று நாள் நாங்கள் நான்கு பேரும் ஆணத்தையும் கறியையும் பிடித்து மல்லுக்கட்டினோம். வாயைத் திருத்தினோம், கையைத் திருத்தினோம், நெற்றியைத் திருத்தினோம். முகத்தை யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரில் ஒருவரையும் தெரியாதவர்கள் வந்து கேட்கப்போவதாகத்தான் எங்களுக்கு எண்ணம். நின்றவர்களோ எங்கள் ஊர்ப் பிள்ளைகள். ஒருவேளை செல்வராசா என்று அவர் சொன்ன உடனேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். எங்கள் கத்தலுக்காக அவர்கள் காத்திருக்கத் தேவையே இல்லாமல் இருந்திருக்கலாம்.

அப்படித்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஏறச் சொன்னவன் ஏன் ஏறச் சொன்னான்? முதலில் விடத்தான் நினைத்தானா? பிறகு மற்றவர்களுக்கும் கேட்டுவிட்டதே என்று பயந்தானா? இதற்கெல்லாம் பதில் தெரிந்தவர்களும் பின்னால் வந்த சண்டையில் செத்துப்போனார்கள் என்றுதான் கேள்விப்பட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. வாயில் வந்த சொல்லுக்காக ஒரு மனிதரைக் கொண்டுபோகலாம் என்ற சட்டத்தை நாங்கள் இரண்டு பேரும் போடவில்லை. ஆனால் அதை நம்பினோம். அவர்கள் துவக்கைக் கீழே வைத்த பிறகும் நாங்கள் நம்பிக்கொண்டே இருந்தோம்.

என்னுடைய பிழை பாதையடியில் நடந்ததல்ல. அது உங்கள் வீட்டுக் குசினியில், மாதம் இரண்டு தரம், இத்தனை வருடமாக நடந்தது. ஒரு நாள் வாய் திறந்து "என்னாலதான்" என்று சொல்லியிருந்தால் நீங்கள் "இல்ல புள்ள, என்னால" என்று சொல்லியிருப்பீர்கள். இரண்டு பேரும் சண்டை பிடித்திருப்போம். அழுதிருப்போம். பிறகு நீங்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். நான் உங்களை மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே மண்ணுக்குள் போய்விட்டீர்களே! இதை நான் எங்கே போய்த் திருத்துவது?

நேற்று அண்ணன் திரும்ப வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். நான் போகத்தான் போகிறேன் என்றேன்.

"அண்ணன், உங்கட மகன்ட பேரையும் எழுதுவிப்பம். நீங்களும் வாங்க. அவனக் கொண்டு போனதையும் சொல்லுவம், இவரக் கொண்டு போனதையும் சொல்லுவம்."

"ரெண்டும் ஒண்டா சரோ?"

"அவன்ட சேட்டு அண்ணிட அலுமாரியில இரிக்கி. மச்சான்ட சாரன் ராத்தாட பெட்டியில இரிக்கி. நீங்களே சொல்லுங்க."

சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். அந்தச் சொல் தானாக வந்துவிட்டது, அண்ணனுக்கு முன்னால், சத்தமாக. ஒன்றும் நடக்கவில்லை. வெளியே கோழி ஒன்று கொக்கரித்தது. அண்ணன் எழும்பிப் போனார். வருவாரோ மாட்டாரோ எனக்குத் தெரியாது. கோயில் வாசல் எனக்குத் திறந்திருக்குமோ என்பதும் தெரியாது.

இன்றைக்கும் மத்தியானம் வந்தீர்கள். பாதை இல்லை, கச்சான் இல்லை. வாவிக்கு நடுவில் முழங்கால் தண்ணீரில் முந்தானையைத் தலையில் போட்டபடி நின்றீர்கள். நான் கூப்பிட்டேன். நீங்கள் திரும்பினீர்களா, வெளிச்சம்தான் அசைந்ததா என்று தெரியும் முன்னே விழிப்பு வந்துவிட்டது. எழும்பி இதை எழுத உட்கார்ந்தேன்.

நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை. முதல் பஸ்ஸில் வருகிறேன். ஷிபானாவோடு போய் அந்த மேசைக்கு முன்னால் உட்காருவேன். காட்டிக் கொடுத்தது யார் என்று கேட்டால், ஒருவரும் இல்லை என்பேன். கால் வழுக்கின ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் அவளைப் பிடிக்கப் பாய்ந்த ஒரு பெட்டையும் பயத்தில் கத்தினார்கள், அவ்வளவுதான் என்பேன். பிறகு, கொண்டுபோனது யார் என்று கேட்பார்கள். அண்ணன் பின்வாங்கில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் பதில் ஒன்றுதான். "எங்கட ஆக்கள்தான், ஐயா. எங்கட ஆளக் கொண்டு போனாங்க." இதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதச் சொல்லுவேன். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வைப்பேன். இது சத்தியம்.

உங்களுக்கு இளையவள்,
சரோ